துண்டான காடுகளும் இணைக்கத் தயங்கும் சட்டமும்

கண்டி நகருக்கு வடகிழக்கே, வத்தேகமைக்குச் செல்லும் வீதியில் அமைந்திருக்கும் மடவளை, இலங்கையின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டங்கள் எதுவரை வந்திருக்கின்றன, எங்கே நின்றுபோகின்றன என்ற இரண்டையும் ஒருங்கே காட்டக்கூடிய ஊராகும். ஊருக்குக் கிழக்கே நக்கிள்ஸ் என்றும் தும்பறை மலைகள் என்றும் அழைக்கப்படும் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. தென்கிழக்கே மகாவலி கங்கை விக்டோரியா நீர்த்தேக்கமாக விரிந்து கிடக்கிறது. தென்மேற்கே கண்டி நகரின் நடுவில், தலதா மாளிகைக்கு மேலே, உடவத்தகலே காடு இருக்கிறது. அதற்கும் அப்பால் ஹந்தான மலைத்தொடர் நீள்கிறது.

இந்த நான்கு இடங்களும் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றவை. உடவத்தகலே 1938இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே ஆகிய மூன்று நீர்த்தேக்கங்களையும் சூழ்ந்த 42,087 ஹெக்டயர் நிலம் 1987இல் சரணாலயமாயிற்று. நக்கிள்ஸ் மலைக்காடு 2000ஆம் ஆண்டில் வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட வனமாகவும், அதனைச் சூழ்ந்த பிரதேசம் 2007இல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகவும் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி ஆகியவற்றுடன் சேர்த்து யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. அதே 2010இல் ஹந்தானவும் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாயிற்று. ஆனால் இவற்றுக்கு இடையே கிடக்கும் தேயிலைத் தோட்டங்கள், வீட்டுத் தோட்டங்கள், ஆற்றங்கரைகள், பற்றைக்காடுகள், வீதிகள், புதிய வீட்டு மனைகள் ஆகியவற்றின் வழியாக ஓர் உயிரினம் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குச் செல்ல முடியுமா என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய பொறுப்பு எந்த ஒரு சட்டத்தின் மீதும் எந்த ஒரு திணைக்களத்தின் மீதும் சுமத்தப்படவில்லை. காடுகளைத் துண்டு துண்டாகக் காக்கும் சட்டம், துண்டுகளுக்கு இடையிலான தொடர்பைக் காக்கத் தவறினால், காலப்போக்கில் தான் காக்க வந்த துண்டுகளையும் இழக்க நேரிடும்.

உயிரினங்கள் ஏன் நகர வேண்டும்

விலங்குகளின் நகர்வு மூன்று வகைப்பட்ட தேவைகளிலிருந்து எழுகிறது. முதலாவது, பருவத்துக்கேற்ப உணவையும் நீரையும் நாடிச் செல்லும் நகர்வு. வடகீழ்ப் பருவக்காற்றை ஒட்டி இந்தியாவிலிருந்து வந்து, அந்திப்பொழுதில் குரல் கொடுப்பதால் தமிழர் ஆறுமணிக்குருவி என்று அழைக்கும் பறவையும், காஷ்மீர் மலைகளில் இனம்பெருக்கிவிட்டு இலங்கையின் மலைநாட்டுக்குக் குளிர்காலத்தைக் கழிக்க வரும் ஈப்பிடிப்பானும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆண்டின் முற்பகுதியில் சிவனொளிபாதமலையை நோக்கிக் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளை மலைநாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்திருக்கிறார்கள். கடலில் பிறந்து, ஆறுகளில் ஏறி வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்கே திரும்பும் விலாங்கு மீனுக்கு ஆறு முழுவதுமே வழித்தடம். 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணை அந்த வழியில் எழுப்பப்பட்ட சுவராகும்.

இரண்டாவது, வளர்ந்த குட்டிகள் தாயின் எல்லையை விட்டு வெளியேறிப் புதிய இடம் தேடும் நகர்வு. தனித்து வாழும் இயல்புடைய சிறுத்தைகளில், குறிப்பாக இளம் ஆண் சிறுத்தைகள், தமக்கென ஓர் எல்லையைத் தேடி நெடுந்தூரம் செல்கின்றன. அவ்வாறு செல்ல வழியில்லாத சிறு காட்டில் அடைபட்ட விலங்குக் கூட்டம் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருக்க நேரிடுகிறது. அதனால் நோயெதிர்ப்பும் இனவிருத்தித் திறனும் குன்றி, ஒரு கொள்ளைநோயோ காட்டுத் தீயோ வந்தால் மீண்டெழ முடியாத நிலைக்குத் தள்ளப்படுகிறது. இலங்கைக்கே உரிய சிறுத்தை உள்ளினத்தில் வளர்ந்தவை ஆயிரத்துக்கும் குறைவு என்று 2020இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலுக்காகச் செய்யப்பட்ட மதிப்பீடு கூறுகிறது. அவற்றில் ஒரு பகுதி யால, வில்பத்து போன்ற பெரிய பூங்காக்களுக்கு வெளியே, மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் வாழ்கிறது. கண்டி நகரின் விளிம்பிலுள்ள துனுமடலாவ காட்டிலும் சிறுத்தைகள் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நகரத்தின் ஓரத்தில் சிறுத்தை உயிர்த்திருக்கிறது என்றால், சட்டம் அறியாத வழிகள் இன்னமும் முற்றாக அடைபடவில்லை என்பதே அதன் பொருள்.

மூன்றாவது, காலநிலை மாற்றத்தால் ஏற்படும் மெதுவான நகர்வு. வெப்பம் ஏற ஏற, குளிர்ந்த ஈரக்காட்டைச் சார்ந்த தாவரங்களும் விலங்குகளும் தலைமுறைகள் கடந்து மலையின் மேற்பகுதியை நோக்கி நகர்கின்றன. இந்த நகர்வுக்கு அடிவாரத்திலிருந்து உச்சி வரை அறுபடாத காடு தேவைப்படுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் கவனத்தில் கொள்ள வேண்டும். எல்லா இடைவெளிகளும் மனிதன் உண்டாக்கியவை அல்ல. மகாவலியின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு நக்கிள்ஸை மத்திய மலைநாட்டின் ஏனைய மலைகளிலிருந்து மிக நீண்ட காலமாகப் பிரித்து வைத்திருக்கிறது. இலை போன்ற மூக்கு நீட்சியுடைய ஓர் ஓணான் இனமும், 2006இல் தனி இனமாக விவரிக்கப்பட்டுத் தும்பறையின் பெயரையே தன் அறிவியற் பெயரில் தாங்கும் ஒரு சிறிய ஓணானும் உலகில் வேறெங்கும் காணப்படாமல் இந்த மலைகளில் மட்டும் வாழ்வதற்கு அந்தப் பிரிவே காரணம். ஆகவே வழித்தடச் சட்டம் என்பது எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைக்கும் முயற்சி அன்று. முன்பு உயிரினங்கள் கடந்து சென்ற வழிகளில் மனிதன் அறுத்தவற்றை மீட்பதும், அறுபடாமல் எஞ்சியிருப்பவற்றை அறுக்காமல் விடுவதுமே அதன் நோக்கமாக இருக்க முடியும்.

தும்பறை துண்டான வரலாறு

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், உரித்து நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் அரசுடைமையாகக் கொண்டு பெருந்தோட்டக்காரருக்கு விற்க வழி திறந்தபின், கண்டிச் சீமையின் மலைச்சரிவுகள் சில பத்தாண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபோது அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. லண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் ஹூக்கரின் பரிந்துரையை ஏற்று, 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டக்கூடாது என்று ஆங்கில ஆட்சி விதித்தது. மழையையும் ஆறுகளின் ஊற்றுக்களையும் காப்பதே அந்த விதியின் கருத்தாக இருந்தது; நக்கிள்ஸின் உச்சிக் காடுகள் இன்றும் எஞ்சியிருப்பதற்கு அந்த விதியும் ஒரு காரணம். ஆயினும் உயரத்தை அளவாக வைத்து வரையப்பட்ட அந்தக் கோடு, மலையுச்சியைக் காட்டுத் தீவாகவும் அதன் கீழுள்ள சரிவுகளைச் சாகுபடிக் கடலாகவும் பிரித்தது. இலங்கையில் காடு காக்கும் எண்ணம் தொடக்கத்திலேயே நீரைப் பற்றிய எண்ணமாக உருவெடுத்ததே அன்றி, உயிர்களின் நடமாட்டத்தைப் பற்றிய எண்ணமாக உருவெடுக்கவில்லை.

இரண்டாவது பெரும் மாற்றம் மகாவலித் திட்டத்தோடு வந்தது. 1976இல் மடவளைக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லவில் கட்டப்பட்ட தடுப்பணை மகாவலி நீரின் ஒரு பகுதியைச் சுரங்கவழியே அம்பன் கங்கைப் பக்கம் திருப்பியது. 1985இல் நிறைவுற்ற விக்டோரியா அணை பழைய தெல்தெனிய நகரத்தையும் அதைச் சூழ்ந்த வயல்களையும் நீருக்குள் அமிழ்த்தியது. இடம்பெயர்ந்த மக்களுக்குப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வழியாக மஹியங்கனைக்குச் செல்லும் பெருந்தெரு மலைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் இடையில் ஓடுகிறது. வீதியோரங்களில் வீட்டு மனைகளும் விடுதிகளும் பெருகின. ஒவ்வொன்றும் தனியே பார்க்கையில் சிறியது, நியாயமான தேவையிலிருந்து பிறந்தது. எல்லாம் சேர்ந்து மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு தொடர்வேலியாகிக்கொண்டிருக்கின்றன.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

இலங்கையின் வனவிலங்குப் பாதுகாப்பின் அடிப்படை, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமாகும். இச்சட்டம் பாதுகாக்கப்படும் நிலங்களைத் தேசிய ஒதுக்கம், சரணாலயம் என இரு பெரும் பிரிவுகளாக வகுக்கிறது. தேசிய ஒதுக்கம் என்பது அரச காணியில் மட்டும் அறிவிக்கப்படுவது. தேசிய பூங்கா, இயற்கை ஒதுக்கம் முதலிய பல வகைகள் அதற்குள் அடங்கும். சரணாலயம் தனியார் காணிகளையும் உள்ளடக்கலாம். அங்கே வேட்டை தடுக்கப்பட்டாலும் மக்களின் வழமையான வாழ்வும் பயிர்ச்செய்கையும் தொடரலாம்.

ஒரு காட்டையும் மற்றொரு காட்டையும் இணைக்கும் நிலத்தைக் காப்பதற்கென்றே ‘காட்டு வழித்தடம்’ என்ற தனி வகை 1970ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இச்சட்டத்தில் சேர்க்கப்பட்டது. உலக நாடுகள் பலவற்றில் வழித்தடம் என்ற எண்ணமே சட்டப் புத்தகத்தில் இடம்பெறாத காலத்தில் இலங்கை அதற்கு இடம் கொடுத்தது பெருமைக்குரியது. எனினும் அரை நூற்றாண்டு கடந்த பின்னும் இந்த வகையில் குறிப்பிடத்தக்கதாகச் சுட்டக்கூடியது, மின்னேரியாவையும் கவுடுல்லவையும் இணைப்பதற்காக 2004இல் அறிவிக்கப்பட்ட வழித்தடம் ஒன்றுதான். இதற்கான காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. காட்டு வழித்தடம் தேசிய ஒதுக்கத்தின் ஒரு வகை என்பதால் அது அரச காணியில்தான் அமைய முடியும். ஆனால் காடுகளுக்கு இடையிலான நிலம் பெரும்பாலும் யாராவது ஒருவர் உழுது, நட்டு, குடியிருந்து வாழும் நிலமாகவே இருக்கிறது.

பின்வந்த திருத்தங்களும் இக்குறையை ஓரளவே நிரப்பின. 1993ஆம் ஆண்டுத் திருத்தம், தேசிய ஒதுக்கம் ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் எத்தகைய அபிவிருத்தி வேலையைச் செய்வதாயினும் வனஜீவராசிகள் திணைக்களத் தலைவரின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று விதித்தது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் யானைகளுக்கென முகாமை செய்யப்படும் ஒதுக்கம் என்ற வகையைச் சேர்த்தது. அவ்வகையிலான ஒதுக்கம் ஒன்று 2021இல் அம்பாந்தோட்டையில் அறிவிக்கப்பட்டது. இவை மடவளையைச் சுற்றியுள்ள நிலத்தை எட்டுவதில்லை. நக்கிள்ஸ் வனத் திணைக்களத்தின் கீழுள்ள காடு. விக்டோரியாவைச் சூழ்ந்தது சரணாலயம். இரண்டுமே அந்தக் கட்டளைச் சட்டத்தின் பொருளில் தேசிய ஒதுக்கங்கள் அல்ல என்பதால், ஒரு மைல் விதியின் காவல் இங்கே வந்து சேர்வதில்லை.

எஞ்சியிருப்பது 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம். 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், பட்டியலிடப்பட்ட பெருந்திட்டங்கள் தொடங்கப்படுமுன் சுற்றாடல் தாக்க மதிப்பீடு, அதாவது அத்திட்டத்தால் நிலத்துக்கும் நீருக்கும் உயிர்களுக்கும் நேரக்கூடிய விளைவுகளை முன்கூட்டியே ஆராயும் அறிக்கை, தயாரிக்கப்பட வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. பாதுகாக்கப்பட்ட காட்டின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், அகன்ற ஓடைகளின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள்ளும் அமையும் திட்டங்கள் கூடுதல் கவனத்துக்கு உரியவை என்றும் 1993இன் வர்த்தமானி கூறுகிறது. ஆனால் இந்த ஏற்பாடு ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பது. ஒரு பள்ளத்தாக்கை அடைப்பதற்கு ஒரு பெருந்திட்டம் தேவையில்லை. பட்டியலுக்குள் வராத இருபது சிறு கட்டடங்களும் ஒரு புதிய வீதியும் ஒரு கம்பி வேலியும் போதும்.

இலங்கையின் பண்டைய நீர்ப்பாசனம் குளங்களைத் தனித்தனியாக எண்ணவில்லை. மேற்குளத்தின் மிகுநீர் கீழ்க்குளத்தை நிரப்பும்படி குளத்தொடர்களாகவே அமைத்தது, தொடரில் ஒரு வாய்க்கால் தூர்ந்தாலும் கீழுள்ள ஊர்கள் அனைத்துக்கும் கேடு என்று அறிந்திருந்தது. காடுகளைப் பற்றிய இன்றைய சட்டத்தில் குளங்கள் இருக்கின்றன, வாய்க்கால்கள் இல்லை.

வரண்ட வலயம் கற்பித்த பாடம்

வழித்தடங்களைப் பற்றிய இலங்கையின் பட்டறிவு பெரும்பாலும் யானைகளிடமிருந்து வந்தது. துரித மகாவலித் திட்டத்துக்காக 1980இல் செய்யப்பட்ட சுற்றாடல் ஆய்வு, காடழிக்கப்படும் நிலங்களிலிருந்து வெளியேறும் விலங்குகளுக்கு மாற்றிடம் வேண்டும் என்று எடுத்துரைத்ததன் பயனாக, 1983இல் மாதுறு ஓயா, 1984இல் வஸ்கமுவ, வெள்ளச் சமவெளி, 1986இல் சோமாவதி என நான்கு தேசிய பூங்காக்கள் உருவாயின. இவற்றுள் மகாவலியின் வெள்ளச் சமவெளிப் பூங்கா, வஸ்கமுவவுக்கும் சோமாவதிக்கும் இடையில் யானைகள் செல்லும் வழியாகவே பயன்படுகிறது. தனித்தனிக் காடுகளாக எண்ணாமல் ஓர் ஆற்றின் வழியே கோத்த காடுகளாக எண்ணிய முயற்சி இலங்கைக்குப் புதியதன்று என்பதற்கு இது சான்று.

வழித்தடத்தைக் கோடு கிழித்து அறிவித்தால் மட்டும் போதாது என்ற பாடமும் அதே பிரதேசத்திலிருந்துதான் கிடைத்தது. வரண்ட மாதங்களில் மின்னேரியாக் குளத்தின் நீர் வற்றி வெளிப்படும் புல்வெளியில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவது உலகப் புகழ்பெற்ற காட்சி. மொரகஹகந்த நீர்த்தேக்கம் இயங்கத் தொடங்கிய பின் வரண்ட காலத்திலும் குளத்தில் நீர் நிறைந்து நின்று, யானைகளின் புல்வெளியை மூடிவிடும் நிலை ஏற்பட்டது. வழித்தடம் வரைபடத்தில் அப்படியே இருந்தும், அது சென்று சேரும் இடத்தின் பயன் குறைந்துபோயிற்று. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பகுதியில் ரயில் மோதி ஆறு யானைகள் மாண்டன. வனத்துக்கு ஒரு திணைக்களம், நீருக்கு ஒரு திணைக்களம், ரயிலுக்கு ஒரு திணைக்களம் எனப் பிரிந்து நிற்கையில், ஒரு திணைக்களம் அறிவித்த வழித்தடம் மற்றத் திணைக்களங்களின் தீர்மானங்களைக் கட்டுப்படுத்தாமற் போவதன் விலையே இது.

யானைகளைப் பற்றிய நாடளாவிய ஆய்வொன்று இன்னும் ஆழமான உண்மையை உணர்த்தியது. இலங்கை நிலப்பரப்பின் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அந்த நிலத்தின் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மக்களும் வாழ்கிறார்கள். ஆகவே யானை பூங்காவுக்கு உரியது, ஊர் மனிதனுக்கு உரியது, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய பாதை ஒன்று போதும் என்ற எளிய கணக்கு உண்மைக்குப் பொருந்துவதில்லை. வனஜீவராசிகள் திணைக்களக் காணிக்கும் வனத் திணைக்களக் காணிக்கும் இடையிலான நிர்வாக எல்லையில் மின்வேலி போட்டபோது வேலியின் இருபுறமும் யானைகள் இருந்தன. கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் தயாரித்த தேசிய செயற்றிட்டம் இதனை உணர்ந்து, வேலியைக் காட்டைச் சுற்றிப் போடாமல் ஊரையும் வயலையும் சுற்றிப் போடுமாறும், அதனை ஊராரே பராமரிக்குமாறும் வழிகாட்டியது. மலைநாட்டில் யானைக்குப் பதிலாகச் சிறுத்தையும் காட்டுப்பன்றியும் குரங்கும் இருந்தாலும், விலங்கை அடைப்பதைவிட விளைச்சலைக் காப்பது மேல் என்ற இந்தத் தத்துவம் தும்பறைக்கும் பொருந்தும்.

இணைப்பு நிலம் யாருடையது

மடவளையைச் சூழ்ந்த நிலத்தில் இணைப்பாகப் பயன்படக்கூடியவை மூன்று வகைப்படும். அவற்றில் முதலாவது ஆற்றங்கரை. நக்கிள்ஸில் ஊற்றெடுத்துப் பன்வில, தெல்தெனியப் பக்கமாக இறங்கி விக்டோரியாவில் கலக்கும் ஹுலு கங்கையும், அதைப் போன்ற சிற்றாறுகளும் மலைக்காட்டையும் நீர்த்தேக்கச் சரணாலயத்தையும் இயற்கையாகவே இணைப்பவை. அரச காணிச் சட்டங்கள் ஓடைகளின் இருகரையிலும் ஒதுக்கு நிலம் விடுவதற்கு ஏற்கெனவே இடமளிக்கின்றன. அந்த ஒதுக்கு நிலத்தில் மரங்கள் நின்றால் மண்சரிவும் குறையும், வண்டல் நீர்த்தேக்கத்தில் சேர்வதும் குறையும், கீரியும் மீன்பிடிப் பூனையும் பறவைகளும் அதன் வழியே நடமாடும்.

இரண்டாவது, பெருந்தோட்டம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவை நீண்டகாலக் குத்தகைக்குக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டன. நிருவாகம் கம்பனியிடம் இருந்தாலும் காணியின் உரித்து அரசிடமே இருப்பதால், தேயிலை மலைகளின் நடுவேயுள்ள காட்டுத் துண்டுகளையும் பள்ளங்களையும் மானாப்புல் மேடுகளையும் பிரித்து விற்காமல், ஒன்றோடொன்று தொடர்பு அறாமல் வைத்திருக்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக எழுத அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. காணியை வாங்காமலும் நட்டஈடு கொடுக்காமலும் செய்யக்கூடிய பாதுகாப்பு இது.

தோட்டத்தில் வாழும் தொழிலாளரின் நிலையையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கவோ இறைச்சிக்காகவோ வைக்கப்படும் கம்பிச் சுருக்குகளில் சிறுத்தைகள் மாட்டி இறப்பது மலைநாட்டில் தொடர்ந்து நிகழ்கிறது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் மிக அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அவ்வாறே சிக்கி, சிகிச்சைக்குப் பின்னும் உயிரிழந்தது. சுருக்கு வைப்பது சட்டப்படி குற்றம். ஆயினும் வழித்தடம் என்று அறிவிக்கப்படும் நிலத்திலேயே வாழ்ந்து, விலங்குகளால் இழப்பைச் சுமக்கும் மக்களுக்கு விரைவான இழப்பீடும் பயிரைக் காக்கும் வழியும் தரப்படாவிட்டால், அந்த அறிவிப்பு விலங்குகளைச் சுருக்கை நோக்கி அழைத்துச் செல்லும் வழியாகவே முடியும்.

மூன்றாவது, கண்டி வீட்டுத்தோட்டம். பலாவும் ஈரப்பலாவும் மாவும் கமுகும் கித்துலும் மேலே ஓங்க, கராம்பும் சாதிக்காயும் கோப்பியும் நடுவே நிற்க, மிளகுக் கொடி மரங்களைப் பற்றி ஏற, பல அடுக்காக வளரும் இத்தோட்டங்கள் உலகின் வேளாண் காட்டியல் நூல்களில் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றன. வௌவாலும் இருவாய்ச்சியும் மலையணிலும் மரநாயும் இந்த மரங்களின் வழியே காட்டிலிருந்து காட்டுக்குச் செல்கின்றன. கித்துல் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும் மரநாயின் உழைப்பில்லாமல் கித்துல் கருப்பட்டி இல்லை. மடவளை போன்ற ஊர்களின் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வளர்த்துவந்த இத்தோட்டங்கள் எந்தச் சட்டமும் அறிவிக்காத இணைப்பு நிலங்கள். இவை பேர்ச் கணக்கில் துண்டாடப்பட்டு மதிலும் கொங்கிறீட்டுமாக மாறும்போது அழிவது ஒரு தோட்டம் மட்டுமல்ல. அதன் வழியே சென்ற பாதையும் அழிகிறது.

பிற நாடுகளின் வழி

தமிழ்நாட்டின் நீலகிரியில், மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் சீகூர்ப் பீடபூமியின் யானை வழித்தடத்தை 2010 ஆகஸ்டில் மாநில அரசு அறிவித்தது. அதனை எதிர்த்து விடுதி உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் 2020 அக்டோபர் 14ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை உறுதிசெய்தது. தனியார் காணியாக இருந்தாலும் வழித்தடத்தைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்ற கருத்து அத்தீர்ப்பால் வலுப்பெற்றது. அதே தமிழ்நாட்டின் வால்பாறை, தேயிலைத் தோட்டங்களின் நடுவே மழைக்காட்டுத் துண்டுகள் சிதறிக் கிடப்பதில் தும்பறையை ஒத்திருக்கிறது. அங்கே யானைகளின் வருகையைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் முன்னறிவிக்கும் ஏற்பாடும், வீதியைக் கடக்கும் சிங்கவால் குரங்குகளுக்காக மரத்துக்கு மரம் கட்டப்பட்ட தொங்குபாலங்களும், தோட்டங்களின் ஒத்துழைப்போடு நடப்பட்ட உள்ளூர் மரங்களும், வழக்கு மன்றத்துக்கு வெளியிலும் இணைப்பைக் காக்க முடியும் என்று காட்டியிருக்கின்றன.

பூட்டான் தன் பூங்காக்களை ஒன்றோடொன்று இணைக்கும் உயிரியல் வழித்தடங்களை 1999 முதல் தேசியக் கொள்கையாகவே கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2021இல் வழித்தடங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியபோது, காணியைப் பறிப்பதற்குப் பதிலாக, மாடு வளர்ப்போரும் விவசாயிகளும் தம் நிலத்தைக் கட்டடமாக்காமல் வைத்திருப்பதற்கு ஈடாகப் பணம் பெறும் உடன்படிக்கை முறையைக் கையாண்டது. 2022இல் பல நாடுகள் ஏற்ற குன்மிங்–மொன்றியல் உயிர்ப்பல்வகைமைக் கட்டமைப்பு, 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காக்க வேண்டும் என்பதோடு, காக்கப்படும் பகுதிகள் நன்கு இணைக்கப்பட்டவையாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. முப்பது என்ற எண்ணை எட்டுவது எளிது. இணைப்பு என்ற சொல்லை நிறைவேற்றுவதுதான் கடினம்.

வேண்டிய சட்டம்

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால், இலங்கைக்குத் தேவைப்படும் வழித்தடச் சட்டத்தின் கூறுகள் தெளிவாகின்றன. வழித்தடம் என்பது அரச காணி, குத்தகைக் காணி, தனியார் காணி ஆகிய மூன்றையும் உள்ளடக்கக்கூடிய வகையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கடமையும் வெவ்வேறு சலுகையும் வகுக்கப்பட வேண்டும். அரச காணியில் தடை, குத்தகைக் காணியில் நிபந்தனை, தனியார் காணியில் உடன்படிக்கையும் வரிச்சலுகையும் என்பது நியாயமான பங்கீடாகும். வழித்தட வரைபடம் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அலமாரியில் மட்டும் இராமல், பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் வீதி, நீர்ப்பாசன, ரயில்வேத் திணைக்களங்களிலும் வைக்கப்பட்டு, கட்டட அனுமதியோ வீதித் திட்டமோ வழங்கப்படுமுன் கட்டாயம் பார்க்கப்பட வேண்டிய ஆவணமாக வேண்டும். சிறு வேலைகள் ஒவ்வொன்றின் தாக்கத்தையும் தனியே எடைபோடாமல், ஒரு பள்ளத்தாக்கில் அவை சேர்ந்து விளைவிப்பதை மதிப்பிடும் முறை வேண்டும். பயிரிழந்தோருக்கும் உயிரிழந்தோர் குடும்பத்துக்கும் தாமதமில்லாத இழப்பீடு அச்சட்டத்தின் உள்ளேயே எழுதப்பட வேண்டும்.

இதற்கு அடிப்படை அரசியலமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது. மக்களின் நன்மைக்காகச் சுற்றாடலைக் காத்து மேம்படுத்துவது அரசின் பணி என்று 27ஆம் உறுப்புரையும், இயற்கையைக் காப்பது ஒவ்வொருவரின் கடமை என்று 28ஆம் உறுப்புரையும் கூறுகின்றன. எப்பாவல பொஸ்பேற்றுச் சுரங்க வழக்கில் 2000ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பில், இயற்கை வளங்களை அரசு உரிமையாளராக அன்றி மக்களின் அறங்காவலராகவே வைத்திருக்கிறது என்ற நெறியை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது. அறங்காவலர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சொத்தைத் துண்டுகளாக எண்ணிக்கையில் மட்டும் காத்து, அதன் உயிர்நாடியை அறுபட விட்டால் அது காவல் ஆகாது.

தும்பறையில் நிலைமை இன்னும் கைமீறிப் போய்விடவில்லை. மலையுச்சியில் காடு இருக்கிறது, ஆற்றங்கரையில் மரங்கள் எஞ்சியிருக்கின்றன, தோட்டக் காணியின் உரித்து அரசிடம் இருக்கிறது, வீட்டுத்தோட்டம் வளர்க்கும் வழக்கம் மக்களிடம் இருக்கிறது, வழித்தடம் என்ற வகை 1970 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. அடுத்த முறை கட்டளைச் சட்டம் திருத்தப்படும்போது அந்த வகையை அரச காணிக்கு வெளியேயும் விரிப்பது, பெருந்தோட்டக் குத்தகைகள் புதுப்பிக்கப்படும்போது இணைப்புக் காடுகளை நிபந்தனையாக்குவது, பிரதேச சபை அனுமதிப் பத்திரங்களில் வழித்தட வரைபடத்தைச் சேர்ப்பது ஆகிய மூன்றையும் செய்தாலே பெரும்பகுதி நிறைவேறும். மூன்றும் கோடிக்கணக்கான பணத்தைக் கேட்பவை அல்ல. நிலத்தைத் துண்டுகளாகப் பார்க்கும் பழக்கத்தை விட்டுத் தொடராகப் பார்க்கும் துணிவைக் கேட்பவை. அத்துணிவைத் தம் பிரதிநிதிகளிடமும் அதிகாரிகளிடமும் எதிர்பார்ப்பதற்கு, மலையிலிருந்து இறங்கிவரும் நீரைக் குடித்தும் மலைச்சரிவில் விளையும் மிளகையும் கராம்பையும் விற்றும் வாழும் மக்களைவிட உரிமையுடையவர் எவரும் இல்லை.